ஏவுதற்கருத்தா எங்கே?

நாளிதழ் வாசிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இந்த இரண்டு வாக்கியங்கள் மனப்பாடமாகியிருக்கும். "ஓட்டுநரின் கட்டுப்பாட்டை இழந்த லாரி, சாலையோரம் நின்றிருந்த வாகனத்தின் மீது மோதியது. ஓட்டுநர் தூக்கக் கலக்கத்தில் இருந்ததே விபத்துக்குக் காரணம் என முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது." ஊரின் பெயரையும் இறந்தோர் எண்ணிக்கையையும் மாற்றினால் போதும், எந்த மாவட்டத்துக்கும் எந்த ஆண்டுக்கும் பொருந்திவிடும். முதல் வாக்கியத்தில் எழுவாய் லாரி. இரண்டாம் வாக்கியத்தில் குற்றவாளி தூக்கம். முதற்கட்ட விசாரணை என்கிறார்கள். இரண்டாம் கட்டத்தில் என்ன தெரியவந்தது என்று எழுதிய செய்தியை நாம் தேடித்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாம் வேற்றுமையைப் பாடமாகப் படித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். நம் இலக்கணம் வினைமுதலை இரண்டாகப் பகுத்துக் காட்டுகிறது. கையால் செய்பவன் இயற்றுதற்கருத்தா. செய்யச் சொல்பவன் ஏவுதற்கருத்தா. தச்சனால் கோயில் கட்டப்பட்டது என்றாலும் சரி, அரசனால் கோயில் கட்டப்பட்டது என்றாலும் சரி, இரண்டும் பிழையில்லாத வாக்கியங்களே. ஒரு செயலுக்கு இரண்டு கைகள் உண்டு, அவற்றுள் ஒன்று கண்ணுக்குத் தெரியாது என்பதை இத்தனை தெளிவாகச் சொல்லிவைத்த மரபு நம்முடையது.

ஆனால் வழக்கில் நாம் இந்தப் பகுப்பை வசதிக்கேற்ப வளைத்துக்கொண்டோம். நன்மை என்றால் அது ஏவியவர் கணக்கில் சேரும். கல்லணையைக் கட்டியவர் கரிகாலன், பெரிய கோயிலைக் கட்டியவர் இராசராசன், நான்குவழிச் சாலையைக் கொண்டுவந்தவர் இன்ன அமைச்சர். தீமை என்றால் அது இயற்றியவர் கணக்கில் சேரும். அந்தச் சாலையில் ஏழு பேர் இறந்தால், இறக்கச் செய்தவர் ஓட்டுநர். கல்வெட்டில் இடம்பெறாத தச்சனுக்குக் குற்றப்பத்திரிகையில் மட்டும் முதலிடம் கிடைத்துவிடுகிறது. சரக்கு வாகனங்களால் நிகழும் சாவுகளைப் பற்றி நாம் பேசும் முறையில் இருக்கும் அநீதி இதுதான் என்பது நம் வாதம்.

இதைப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக விரும்பவில்லை. ஒரு மலையையும் அதன் அடிவாரத்தையும் எடுத்துக்கொள்வோம்.

ஜவ்வாது மலையில், வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏறினால் வருவது காவலூர். வெளியுலகம் அந்த ஊரை அறிந்தது வைணு பாப்பு வானாய்வகத்தால். 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்ட தொலைநோக்கி அங்கே 1986 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்த ஆடியைப் பெங்களூரில் தேய்த்து மெருகேற்றிப் பின்னர் மலைக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணாடியைச் சேதமில்லாமல் மலையேற்றத் தெரிந்த நாடுதான் நாம் என்பதை இப்போதே குறித்துவைத்துக்கொள்வோம். மலைக்குக் கீழே வாணியம்பாடியை ஒட்டிச் செல்கிறது சென்னை - பெங்களூர் தேசிய நெடுஞ்சாலை. இரவு முழுவதும் ஓயாமல் சரக்கு போகும் சாலை. மலைமேலும் மலையடியிலும், ஒன்றரை ஆண்டு இடைவெளியில், இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன.

2022 ஏப்ரல் 2 அன்று, புதூர்நாட்டை அடுத்த புலியூரைச் சேர்ந்த முப்பதுக்கும் மேற்பட்ட மக்கள் மலைக்கோயில் ஒன்றுக்குச் சரக்கு ஏற்றும் வேனில் புறப்பட்டார்கள். ஏற்றத்தில் வண்டி பள்ளத்தில் உருண்டது. 11 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள்.

2023 செப்டம்பர் 11 அதிகாலை, தர்மஸ்தலா சென்று திரும்பிக்கொண்டிருந்த ஆம்பூர்ப் பகுதி மக்களின் சுற்றுலா வேன் நாட்றம்பள்ளி அருகே நெடுஞ்சாலையில் பழுதாகி நின்றது. ஓட்டுநர் அதைச் சரிசெய்ய, பயணிகள் இறங்கி வண்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த லாரி வேனில் மோத, வேன் அவர்கள் மேல் பாய்ந்தது. 7 பெண்கள் இறந்தார்கள்.

முதல் நிகழ்ச்சியில் ஆட்கள் சரக்கு வண்டியில் ஏறினார்கள். இரண்டாவதில் சரக்கு வண்டி ஆட்கள் மேல் ஏறியது. இரண்டுக்கும் பொதுவானது, அடுத்த நாள் எழுந்த பேச்சு. மலைமக்களுக்கு விழிப்புணர்வு இல்லை, சரக்கு வேனில் ஏறலாமா என்றார்கள். நெடுஞ்சாலையில் போய் உட்காரலாமா என்றார்கள். ஓட்டுநர் ஓட்டிய விதம் என்றார்கள். இறந்தவர்களும் வண்டியோட்டியவர்களும் தவிர வேறொருவரும் அந்த இரண்டு நிகழ்ச்சிகளிலும் பங்கேற்கவே இல்லை என்பதுபோல இருந்தது அந்தப் பேச்சு.

முதலில் மலைக்குப் போவோம். சரக்கு வேனில் ஏறுவது ஆபத்து என்பது அதில் ஏறுகிற பெண்ணுக்குத் தெரியாது என்று நினைப்பவர், தம் வாழ்நாளில் பேருந்து வராத ஊரில் ஒரு வாரம் இருந்து பாராதவர். சாமையும் புளியும் தேனும் மலையிலிருந்து இறங்க வேண்டும்; அரிசியும் உரமும் ஏற வேண்டும். அவற்றைக் கொண்டுவரும் வண்டிதான் பிரசவத்துக்கும் திருமணத்துக்கும் சாமி கும்பிடவும் வண்டி. 2021 முதல் தமிழகத்தில் பெண்கள் நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாமல் பயணம் செய்யலாம். நல்ல திட்டம், அதை நாம் குறைசொல்லவில்லை. ஆனால் பேருந்தே போகாத சிற்றூருக்குக் கட்டணமில்லாப் பேருந்து என்பதற்கு என்ன பொருள்?

இதைவிடக் கசப்பான ஒன்று சட்டத்தில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994இல் செய்த திருத்தத்தின்படி, சரக்கு வாகனத்தில் சரக்கோடு செல்லும் அதன் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ காப்பீட்டுக்குள் வருகிறார். சும்மா ஏறிச் செல்லும் பயணி அதற்குள் வரமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. ஒரு தாய் புளிமூட்டையோடு வண்டியேறி இறந்தால் அவள் குடும்பத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். அதே தாய் கையில் தேங்காய்ப் பழத்தட்டோடு ஏறி இறந்தால் வேண்டியதில்லை. தீர்ப்பு சட்டத்தின் சொல்லுக்கு உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். மூட்டையால் மனிதருக்கு மதிப்பு வருகிறது. அதன் பிறகு முதலமைச்சர் நிவாரண நிதி, பிரதமர் நிவாரண நிதி என்று கருணையின் வாயிலில் அந்தக் குடும்பம் நிற்கிறது. உரிமையாக வர வேண்டியது இரக்கமாக வருகிறது.

அந்த மக்களை அந்த வண்டியில் ஏற்றியவர் யார்? ஓட்டுநர் என்பது இயற்றுதற்கருத்தாவைச் சொல்லும் விடை. பேருந்துத் தடம் இல்லாமை என்பது ஏவுதற்கருத்தாவைச் சொல்லும் விடை. ஒரு தடத்துக்கு வருமானம் போதாது என்று ஏதோ ஓர் அலுவலகத்தில் எழுதப்படும் குறிப்பு, கொஞ்ச காலத்தில் ஒரு சரக்கு வேனின் பின்பலகையைத் திறந்து மக்களை ஏறச் சொல்கிறது. எழுதியவருக்கு அது தெரியவே தெரியாது. தெரியாதது அவரைக் காப்பாற்றுகிறது.

இனி மலையடிக்கு இறங்குவோம்.

காவலூரில் இரவெல்லாம் விழித்திருப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். விண்மீன்களை நோக்குபவர் விடியும்வரை கருவியோடு இருந்தால், பகலில் உறங்குவார். அதை யாரும் சோம்பல் என்று சொல்லமாட்டார்கள். அந்த உறக்கம் வேலையின் பகுதி. கண் சோர்ந்தால் நோக்கு பிழையாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். சில காத தூரம் கீழே, அதே இரவில், அதே போல விழித்திருக்கிறார் லாரி ஓட்டுநர். அவர் கையில் இருப்பது இருபத்தைந்து டன், முப்பது டன். அவருடைய உறக்கம் யாருடைய கணக்கில் இருக்கிறது?

சட்டத்தில் இருந்தது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. நெடுந்தொலைவுப் பயணங்களுக்கு உரிய அனுமதியோடு 10 மணி, 54 மணி வரை போகலாம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அந்த வரம்பையே வணிக வாகனம் ஓட்டும் எல்லோருக்கும் உரியதாக்கியது. படித்தால் கண் குளிரும். ஆனால் பதிவேடு, ஆய்வாளர் என்று 1961ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டிருந்த கைகால்கள் எல்லாம் ஐந்து தொழிலாளர்களுக்குக் குறையாத நிறுவனங்களுக்கே நீண்டன. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவர்களே நிறைந்த தொழிலில் இது எத்தனை பேரைத் தொடும்?

அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுள் ஒன்றில் அது கரைந்துவிட்டது. எட்டு மணி நேரம் என்ற எண் புதிய சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் மோட்டார் போக்குவரத்து நிறுவனம் என்றால் பத்துத் தொழிலாளர்கள் வேண்டும் என்று வரையறை மாறியிருக்கிறது. ஐந்து என்ற கண்ணியே பெரிது என்று நாம் குறைப்பட்டுக்கொண்டிருந்தோம். வலையைப் பத்தாக அகலப்படுத்திக் கொடுத்திருக்கிறார்கள். சின்ன மீனுக்காக அல்ல, சின்ன மீன் வழியாகச் சரக்கனுப்பும் பெரிய மீனுக்காக.

இங்கே அரசின் புள்ளிவிவரத்தையும் பார்க்க வேண்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் 1,68,491 பேர் சாலையில் இறந்தார்கள். 2023இல் 1,72,890 பேர். 2022இல் தமிழகத்தில் மட்டும் 64,105 விபத்துகள், 17,884 சாவுகள்; விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். அவ்வாண்டு அறிக்கையில் விதிமீறல் வாரியாக ஓர் அட்டவணை உண்டு. அதிவேகம், குடிபோதை, தவறான பக்கத்தில் ஓட்டுதல், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், செல்பேசி, பிற. தூக்கத்துக்குத் தனி வரிசை இல்லை. சாவுகளில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் அதிவேகத்தின் கீழ் எழுதப்பட்டிருக்கின்றன. தூங்கிய ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தேடாது; ஆகவே வண்டி வேகமாகத்தான் போய் மோதும்; ஆகவே அது அதிவேகம். செய்தித்தாளில் தாராளமாக வரும் தூக்கக் கலக்கம் அரசின் கணக்கேட்டுக்குள் நுழையும்போது மறைந்துபோகிறது. ஏனென்றால் தூக்கம் என்று எழுதினால், எத்தனை மணி நேரமாக விழித்திருந்தார், யார் விழிக்கவைத்தார் என்ற அடுத்த கேள்வி வரும். அதிவேகம் என்று எழுதினால் கேள்வி ஓட்டுநரின் காலடியிலேயே நின்றுவிடும்.

சேவ் லைஃப் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வில், சோர்வாகவோ தூக்கமாகவோ இருந்தாலும் வண்டி ஓட்டுவதாக ஏறத்தாழப் பாதி லாரி ஓட்டுநர்கள் ஒப்புக்கொண்டார்கள். தம் குடும்பத்தில் எவரையும் இந்தத் தொழிலுக்கு வரச்சொல்லமாட்டோம் என்றவர்கள் நூற்றுக்கு எண்பத்துநான்கு பேர். நாமக்கல்லையும் சங்ககிரியையும் லாரியால் வளர்ந்த ஊர்கள் என்று பெருமையோடு சொல்கிறோம். அந்தப் பெருமையை ஓட்டிச் சென்றவர்கள் தம் பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்கிறார்கள். ஒரு தொழிலைப் பற்றி இதைவிடக் கடுமையான விமரிசனத்தை நாம் எழுதிவிட முடியாது.

பழந்தமிழ் வாசகர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். தகடூர் அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது ஔவையார் உமணர் வண்டியைத்தான் உவமையாக எடுக்கிறார். உப்பு ஏற்றிய வண்டி மேடும் பள்ளமுமான வழியில் போக வேண்டும், அச்சு முறியலாம், அதனால் அடிமரத்தில் சேம அச்சு ஒன்றைக் கட்டிவைத்துக்கொண்டு புறப்படுகிறார்கள் உமணர்கள். அந்தச் சேம அச்சைப் போன்றவன் என்று இளவரசன் புகழப்படுகிறான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சரக்கு வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது, முறியக்கூடியதற்கு மாற்று இல்லாமல் வழியில் இறங்கக்கூடாது என்று.

இன்றைய லாரியில் ஸ்டெப்னி இருக்கிறது. மாற்று மனிதர் இல்லை. தேசிய அனுமதி பெற்ற லாரியில் குறைந்தது இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. நடைமுறையில் அதை மீறியவர் பலர். ஆனாலும் விதி என்று ஒன்று இருந்தது. 2018இல் அந்தக் கட்டாயத்தையும் எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு லாரிகள் ஏற்றக்கூடிய எடையையும் கூட்டினார்கள். மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னானது. சுமை கூடியது, ஓட்டும் ஆள் பாதியானார். இந்த இரண்டு முடிவுகளும் ஒரே ஆண்டில் எடுக்கப்பட்டன என்பதை எந்த விபத்துச் செய்தியிலாவது படித்திருக்கிறோமா?

அதியமானின் அதே தகடூர் நாட்டில்தான், இன்றைய தருமபுரி மாவட்டத்தில், தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. 2020 டிசம்பர் 12 அன்று இறக்கத்தில் வந்த சிமென்ட் லாரி, முன்னால் தேங்கி நின்ற வாகனங்களை வரிசையாக நசுக்கியது. 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று அதே கணவாயில் லாரிகளும் கார்களும் மோதி எரிந்தன. மறுபடியும் 4 பேர். ஒவ்வொரு முறையும் சொல்லப்படும் காரணம், இறக்கத்தில் ஓட்டுநர்கள் கியரை நியூட்ரலில் போட்டு வண்டியை உருளவிடுகிறார்கள் என்பது. உண்மைதான், உருளவிடுகிறார்கள். இஞ்சின் தாங்க வேண்டிய சுமையைப் பிரேக் தாங்கிச் சூடேறிக் கைவிட்டுவிடுகிறது. ஆனால் எதற்காக உருளவிடுகிறார்கள்? டீசலை மிச்சப்படுத்த. டீசல் மிச்சமானால் யாருக்கு ஆதாயம்? நடைக்கு இவ்வளவு டீசல், இவ்வளவு பேட்டா என்று அளந்து கொடுக்கும் முறையில், மிச்சமாகும் லிட்டர்தான் அவருடைய மேல்வருமானம். கூலியில் கொடுக்க வேண்டியதை இறக்கத்தில் எடுத்துக்கொள் என்று சொல்லாமல் சொல்கிறது அந்தக் கணக்கு. அதன் பெயர் ஏவல்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு, தண்டனையைக் கடுமையாக்கினால் எல்லாம் சரியாகும் என்பது. கடுமையாக்கித்தான் இருக்கிறார்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் இந்திய தண்டனைச் சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் ஐந்து ஆண்டு வரை. மோதிவிட்டுக் காவல்துறைக்குச் சொல்லாமல் ஓடினால் பத்து ஆண்டு வரை என்றும் ஒரு பிரிவு எழுதினார்கள். 2024 ஜனவரியில் ஓட்டுநர்கள் நாடெங்கும் வண்டிகளை நிறுத்தினார்கள். அந்தப் பிரிவு மட்டும் நடைமுறைக்கு வராமல் நிறுத்திவைக்கப்பட்டது. ஓடுவது அறமல்ல. ஆனால் ஏன் ஓடுகிறார் என்பது நமக்குத் தெரியும், சட்டத்துக்கும் தெரியும். விபத்தில் காயமுற்றவருக்கு உதவ வேண்டிய கடமையை ஓட்டுநர் மேல் சுமத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவே, கூட்டத்தின் ஆத்திரத்தால் அது இயலாமல் போகலாம் என்று விலக்கு எழுதிவைத்திருக்கிறது. மரத்தில் கட்டிவைத்து அடிக்கும் ஊரில் நின்று பதில் சொல் என்பது எளிய அறிவுரை அல்ல.

தண்டனைத் தராசின் மற்றொரு தட்டையும் பாருங்கள். சாலையைத் தவறாக வடிவமைத்தோ பராமரிக்காமல் விட்டோ மரணத்துக்குக் காரணமாகும் ஒப்பந்ததாரருக்கும் அதிகாரிக்கும் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு தண்டனை வகுத்தது. ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சிறை இல்லை. ஓட்டுநரின் ஒரு நொடிக் கண்ணயர்வுக்கு ஐந்து ஆண்டு. ஆண்டுக்கணக்கில் கண்ணயர்ந்தவர்களுக்கு ஒரு லட்சம்.

இரண்டாம் மறுப்பு, லாரி உரிமையாளரும் ஏழைதானே என்பது. இது நியாயமான மறுப்பு. தவணைக்கு வண்டி வாங்கி, டீசலும் டயரும் சுங்கமும் கட்டி, திரும்பும்போது லோடு கிடைக்காமல் நிற்கும் சிறு உரிமையாளர் வில்லன் அல்லர்; பல நேரங்களில் அவரே ஓட்டுநர். ஆகவேதான் ஏவுதற்கருத்தாவை அவரோடு நிறுத்தாமல் இன்னும் மேலே தேட வேண்டும் என்கிறோம். நாளைக் காலை ஆறு மணிக்குச் சரக்கு இறங்க வேண்டும், தாமதித்தால் வாடகையில் பிடித்துக்கொள்வோம் என்று சொன்ன நிறுவனம் எது? அந்த நேரத்துக்குள் உறங்காமல்தான் வந்து சேர முடியும் என்பதை அது கணக்கிட்டதா? அந்தப் பெயர் எந்த முதல் தகவல் அறிக்கையிலும் வருவதில்லை.

இது நடக்காத கற்பனை என்பவர்கள் வெளியே பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதி, நாளுக்கு 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம், நாலரை மணி ஓட்டினால் முக்கால் மணி ஓய்வு என்கிறது. ஓட்டிய நேரத்தை வண்டியிலுள்ள கருவி பதிவு செய்கிறது. அதே விதி, சரக்கு அனுப்புபவரும் தரகரும் ஒத்துக்கொள்ளும் கால அட்டவணை இந்த வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று அவர்களையும் கட்டுகிறது. ஆஸ்திரேலியாவின் பெரும்பகுதியில் நடைமுறையிலுள்ள கனரக வாகனச் சட்டம் இதைப் பொறுப்புச் சங்கிலி என்று அழைக்கிறது. ஏற்றுபவர், இறக்குபவர், அனுப்புபவர், கால அட்டவணை போடுபவர் எல்லோரும் அச்சங்கிலியின் கண்ணிகள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் நம் சட்டத்தையே புரட்டலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 113ஆம் பிரிவு கூடுதல் எடையைப் பற்றியது. ஓட்டுநர் உரிமையாளராக இல்லாதபோது, உரிமையாளர் அறிந்தோ அவருடைய உத்தரவின்பேரிலோதான் குற்றம் நடந்தது என்று நீதிமன்றம் கொள்ளலாம் என்கிறது அது. ஏவுதற்கருத்தா என்ற கருத்து அங்கே அப்படியே இருக்கிறது. இழப்பீட்டு வழக்குகளிலும் பணம் கட்டும் பொறுப்பு உரிமையாளருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் போகிறது. ஆக, சாலையின் தார் நசுங்கினால் ஏவியவர் யார் என்று சட்டம் கேட்கும். பணம் யார் தருவது என்றாலும் கேட்கும். சிறைக்கு யார் போவது என்றால் மட்டும் இயற்றியவரோடு நின்றுகொள்ளும். கூடுதல் டன்னுக்குப் பொருந்தும் ஊகம் கூடுதல் மணி நேரத்துக்கு ஏன் பொருந்தக்கூடாது?

மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: அரசு ஒன்றுமே செய்யவில்லையா? செய்திருக்கிறது. புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம். தொப்பூரில் உயர்மட்டச் சாலை அமைக்க முடிவெடுத்திருக்கிறார்கள். இரண்டையும் வரவேற்கிறோம். ஆனால் குளிர்ந்த அறையில் உறங்காமல் ஓட்டுவதும் உறங்காமல் ஓட்டுவதே.

இலக்கியப் பக்கத்தில் இதை ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். மொழியோடு புழங்குகிறவர்களுக்கு இதில் ஒரு கடமை இருக்கிறது. "கட்டுப்பாட்டை இழந்த லாரி" என்று எழுதிப் பழக்கியவர்கள் எழுதத் தெரிந்தவர்கள்தான். அதை வாசித்து உச்சுக்கொட்டி அடுத்த பக்கத்துக்குப் போகப் பழகியவர்கள் வாசிக்கத் தெரிந்த நாம்தான். ஒரு கவிதையில் எழுவாய் மறைந்திருந்தால் பக்கம் பக்கமாக உரை எழுதுகிறோம். பதினொரு பேர் இறந்த செய்தியில் எழுவாய் மறைந்திருந்தால் நமக்கு உறுத்துவதில்லை.

நாம் கேட்பவை சில. இவற்றில் ஒன்றுகூட வானத்தை வில்லாக வளைக்கும் வேலை அல்ல. சரக்கு வாகன விபத்து பற்றிய ஒவ்வொரு செய்தியும் ஒவ்வொரு முதல் தகவல் அறிக்கையும் மூன்று விவரங்களைச் சொல்ல வேண்டும்: ஓட்டுநர் கடைசியாக எப்போது உறங்கினார், சரக்கு யாருடையது, எப்போது வந்துசேர வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. வேலை நேர வரம்பு தொழிலாளர் எண்ணிக்கையைப் பாராமல் ஒற்றை லாரிக்கும் செல்லுபடியாக வேண்டும். அதைச் சரிபார்க்கும் பதிவேடு சரக்கு அனுப்புபவரிடமும் இருக்க வேண்டும். இரவு நெடும்பயணத்துக்கு இரண்டாம் ஓட்டுநர் மறுபடியும் கட்டாயமாக வேண்டும். சேம அச்சு இல்லாமல் உமணர்கூடப் புறப்படவில்லை. மலையூர்களுக்குச் சந்தை நாளிலும் திருவிழா நாளிலுமாவது பேருந்து போக வேண்டும். அது போகாதவரை சரக்கு வேனில் இறந்தவரைப் பயணியாகவே கருதி இழப்பீடு தர வேண்டும்.

ஓட்டுநருக்குப் பொறுப்பே இல்லை என்று நாம் எங்கும் சொல்லவில்லை. இயற்றுதற்கருத்தாவும் கருத்தாதான். குடித்துவிட்டு ஓட்டியவரை, வெறியோடு முந்தியவரை எந்த இலக்கணமும் காப்பாற்றாது, காப்பாற்றவும் கூடாது. ஆனால் பதினெட்டு மணி நேரம் விழித்திருந்த ஒருவர் பத்தொன்பதாம் மணியில் கண்ணயர்ந்தால், அதை அவருடைய குற்றம் என்று மட்டும் எழுதுவது பொய். அது உடம்பின் இயல்பு. உடம்பின் இயல்பு என்னவென்று தெரிந்துகொண்டே அந்தப் பத்தொன்பதாம் மணியை அவருக்கு எழுதிக் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு அலுவலகம் இருக்கிறது, கடிதத்தாள் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. அவர் பெயரைக் கண்டுபிடிக்கத் தொலைநோக்கி தேவையில்லை; சரக்குச் சீட்டை எடுத்துப் படித்தால் போதும்.